வாசகர் கடிதம்: கம்மி பட்ஜெட்ல லேப்டாப், ஐ7 தான் வாங்கணுமா?

அண்ணா வணக்கம்,

உங்க சைட்ட ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதறது இப்பதான் முதல் தடவை. நான் வீட்ல இருந்தே தமிழ் மொழிபெயர்ப்பும் ப்ரூஃப் பாக்கற வேலையும் பண்றேன். வேர்டு, பிடிஎஃப், பிரவுசர்ல ஒரு இருபது டேப், அப்பப்ப வீடியோ கால், இவ்ளோதான் என் வேலை. இப்ப இருக்கற லேப்டாப் 2016ல வாங்கினது, 4 ஜிபி ரேம், ஆன் பண்ணிட்டு பாத்திரம் கழுவிட்டு வந்தா கூட இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. புதுசு பாக்க போனா கடைக்காரர் ஐ7 பிராசசருக்கு கீழ வாங்கினா வேஸ்ட்னு சொல்றார், என் தம்பி கேமிங் லேப்டாப் எடு, அதான் ஸ்பீடுன்றான். பட்ஜெட் ரொம்ப கம்மி. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னும் ஒரு யோசனை. குழப்பமா இருக்கு, கொஞ்சம் சொல்லுங்களேன்.

பேர் போட வேண்டாம்ணா.

---

வணக்கம்மா,

பாத்திரம் கழுவற வரைக்கும் சுத்துதுன்னு எழுதினீங்க பாருங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அங்கயே இருக்கு. 2016 மெஷின்னா உள்ள இருக்கறது அனேகமா சுத்தற ஹார்ட் டிஸ்க்கா இருக்கும், கணக்கு போடற சிப்பு, அதான் பிராசசர், பாவம் சும்மாதான் உக்காந்திருக்கும். சந்தேகமா இருந்தா கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், மெஷின் திணறும்போது அதுல சிபியு (பிராசசர்தான்), மெமரி (அதான் ரேம்), டிஸ்க் எது நூறு பர்சன்ட்ட தொடுதுன்னு பாருங்க. என் கணக்குல டிஸ்க் 100, மெமரி 90க்கு மேல, சிபியு முப்பதோ நாப்பதோ இருக்கும். அப்படி இருந்தா உங்களுக்கு தேவை எஸ்எஸ்டியும் (சுத்தற பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) ரேமும் (திறந்து வெச்சிருக்கற வேலைய தாங்கற மெமரி), ஐ7 இல்ல.

இந்த ஐ7 கதைய கொஞ்சம் விலாவரியா சொல்றேன், ஏன்னா நெறைய பேர் காசு விடறது இங்கதான். இன்டெல்னு பிராசசர் பண்ற கம்பெனி, அவங்க 12வது ஜெனரேஷன்ல ஐ5 1235யூன்னு ஒண்ணு, ஐ7 1255யூன்னு ஒண்ணு. ரெண்டுலயும் பத்து கோர்தான் (கோர்னா உள்ள வேலை பாக்கற தனித்தனி யூனிட்), பிராசசருக்குள்ளயே இருக்கற குட்டி மெமரி, கேஷ்னு சொல்வாங்க, அதுவும் ஒண்ணுதான், 12 எம்பி. வித்தியாசம் உச்ச வேகத்துல, ஐ5 4.4 கிகாஹெர்ட்ஸ், ஐ7 4.7. வேர்டு ஃபைல திறக்கறதுக்கு இந்த பாயிண்ட் மூணு உங்களுக்கு தெரியவே தெரியாது, ஆனா பில்லுல நல்லா தெரியும். இன்டெலுக்கு போட்டி கம்பெனி ஏஎம்டி பக்கம் போனா இன்னொரு கூத்து. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ ரெண்டும் ஸ்டிக்கர்ல ஒரே மாதிரி ரைசன் 5தான், ஆனா அந்த மூணாவது நம்பர் இருக்கு பாருங்க, அதான் உள்ள இருக்கற டிசைன் எதுன்னு சொல்லும். 2ன்னா ஸென் 2, அது 2019ல வந்த டிசைன், நாலே கோர். 3ன்னா ஸென் 3, ஆறு கோர். 7ன்னு ஆரம்பிக்குதே லேட்டஸ்ட் போலன்னு நெனச்சு வாங்கிட்டு போறவங்க எத்தன பேரோ. அதனால ஸ்டிக்கர பாக்காதீங்க, முழு மாடல் நம்பர எழுதி வாங்குங்க. உங்க வேலைக்கு 12வது ஜெனரேஷன் ஐ3 1215யூ கூட தாராளம், ஐ5 கிடைச்சா சந்தோஷம், அதுக்கு மேல போறது உங்க வேலைக்கு வீண்.

தம்பி சொல்ற கேமிங் லேப்டாப் வேண்டவே வேண்டாம், கனம், ஃபேன் சத்தம், பேட்டரி நிக்காது. தம்பிக்கு அப்பப்ப விளையாட கிடைக்கும்னு ஒரு கணக்கு இருக்கலாம், அது உங்க குடும்ப விஷயம், நான் தலையிடல :)

நான் யாருக்கு சொன்னாலும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்வேன், பின்னாடி மாத்த முடியாததுக்கு இப்ப காசு போடுங்க, மாத்த முடியறதுல மிச்சம் புடிங்க. எஸ்எஸ்டி பெரும்பாலும் மாத்தலாம், அதனால 256 ஜிபி போதும்னா 256 எடுங்க, பின்னாடி ஏத்திக்கலாம். ஆனா இஎம்எம்சின்னு போட்ருந்தா தொடாதீங்க, அதுவும் எஸ்எஸ்டி மாதிரி ஃபிளாஷ் மெமரிதான்னு சொல்லி விப்பாங்க, மதர்போர்டுலயே ஒட்டிருக்கும், வேகமும் கம்மி. (512 வாங்கினா விண்டோஸ்ல 476னு காட்டும், பதறாதீங்க, யாரும் திருடல, கம்பெனிக்காரன் ஆயிரத்தால எண்றான், விண்டோஸ் 1024ஆல எண்ணுது.)

ரேம்தான் சிக்கல். 8 ஜிபி மினிமம், விண்டோஸ் 11 எழுந்து உக்காந்ததுமே மூணு நாலு ஜிபிய எடுத்துக்கும், கிராபிக்ஸுக்குன்னு கொஞ்சம் போயிடும், மிச்சத்துலதான் உங்க இருபது டேப். 16 இருந்தா பல வருஷத்துக்கு கவலையில்ல, ஆனா 2025 கடைசில இருந்து ரேம் விலை கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கு, அதனால இப்பவே 16 வாங்க சொல்லி உங்கள கஷ்டப்படுத்த மாட்டேன், 8 வாங்குங்க, ஆனா பின்னாடி ரேம் சொருக ஸ்லாட் இருக்கறதா பாத்து வாங்குங்க. நான் ஒரு தடவை ஒல்லியா அழகா இருக்குன்னு ஒண்ணு வாங்கிட்டேன், 4 ஜிபி, அப்புறம் ஏத்திக்கலாம்னு. ஒரு வருஷம் கழிச்சு ரேம் வாங்கிட்டு போனா சர்வீஸ் பையன் பின் மூடிய கழட்டி போர்ட காட்டினான், ஸ்லாட்டே இல்ல, சிப்ப போர்டுலயே சால்டர் பண்ணி வெச்சிருக்கு. கைல புது ரேம வெச்சுக்கிட்டு முழிச்சேன். இத கடைலயே கண்டுபிடிக்கலாம், டிஸ்ப்ளே பீஸ்ல அதே டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி போனீங்கன்னா கீழ ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரி இருக்கும், சோடிம்னு இருந்தா ஸ்லாட், ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா ஒட்டினது. பக்கத்துலயே எத்தன ஸ்லாட்ல எத்தன நிரம்பிருக்குன்னும் காட்டும். முன்ன சொன்ன 7520யூ போட்ட மெஷின்ல எல்லாம் ரேம் ஒட்டினதாதான் வரும், அங்க 8 வாங்கினா கடைசி வரைக்கும் 8தான்.

ஸ்க்ரீனும் கீபோர்டும் மாத்த முடியாத லிஸ்ட்ல வரும், உங்களுக்கு அதுதான் பிராசசர விட முக்கியம்னு நான் சொல்வேன். ப்ரூஃப் பாக்கறவங்க நீங்க, 1366க்கு 768 பிக்சல் ஸ்க்ரீன்ல சின்ன ஃபாண்ட்ல தமிழ் பாத்தா எழுத்து மேல இருக்கற புள்ளி கரைஞ்சு போயிடும், 'க'வா 'க்'கா, 'ன'வா 'ன்'னான்னு கண்ண சுருக்கிக்கிட்டு ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாக்கணும், நாள் முழுக்க இத பண்ணா தலைவலிதான். 1920க்கு 1080 கண்டிப்பா வேணும், ஸ்க்ரீன் ஐபிஎஸ் பேனல்ங்கற வகையா இருக்கணும், டிஎன் பேனல்னா கொஞ்சம் சாஞ்சு உக்காந்தாலே வெளுத்து போகும். வெளிச்சத்த நிட்ஸ்ல சொல்வாங்க, கம்மி விலைல 250 நிட்ஸ்தான் பெரும்பாலும் கிடைக்கும், வீட்டுக்குள்ள உக்காந்து வேலை பாக்க அது போதும், 300 கிடைச்சா நல்லது. கடைல உங்க ஃபைல் ஒண்ண பென்டிரைவ்ல எடுத்துட்டு போய் திறந்து பாருங்க, அங்கயே நின்னு அரை பக்கம் டைப் பண்ணுங்க, கடைக்காரர் மொறச்சா மொறைக்கட்டும்.

பேட்டரிக்கு அவங்க சொல்ற மணி நேரத்த நம்பாதீங்க, பேட்டரி எவ்ளோ தாங்கும்னு சொல்ற வாட் ஹவர் கணக்கு என்னன்னு பாருங்க. டைப் பண்ற மாதிரி லேசான வேலைக்கு சுமார் 8 வாட் இழுக்கும்னு வெச்சுக்கோங்க, 40 வாட் ஹவர்னா அஞ்சு மணி நேரம், அவ்ளோதான். டைப் சி சார்ஜிங் இருந்தா நல்லது, பின் உடைஞ்சா வேற சார்ஜர் ஈசியா கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் நல்ல யோசனைதான், எனக்கு உண்மைல புதுசுல கம்மி விலைய விட அதுதான் பிடிக்கும். ஆபீஸ்கள்ல லீஸ் முடிஞ்சு வர்ற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாதிரி பிசினஸ் மாடலா பாருங்க, கீபோர்டு அடிச்சா அடிச்ச மாதிரி இருக்கும், நெறைய மாடல்ல ரேம் ஸ்லாட்டும் இருக்கும். இன்டெல்னா 8வது ஜெனரேஷனுக்கு கீழ போகாதீங்க, விண்டோஸ் 11 அதுக்கு கீழ ஏத்துக்காது, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க. வாங்கறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து காட்ட சொல்லுங்க, டிசைன் கெபாசிட்டி (புதுசுல இருந்தது) 50 இருந்து ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்ப இருக்கறது) 25 இருந்தா பாதி பேட்டரி போச்சு, புது பேட்டரி காச விலைல கழிக்க சொல்லுங்க. ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ், அதான் பயாஸ், உள்ள போக முடியுதான்னும் பாருங்க, பழைய ஆபீஸ் பாஸ்வேர்டு கேட்டா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க.

பழசுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டிய போட்டு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் ஏத்தினா படிக்கறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும், அத அப்புறம் பேசலாம். புதுச தேட போறதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரியே, அதுல இருக்கற ஃபைல் எல்லாத்தையும் வேற எதுலயாவது காப்பி எடுத்துடுங்க. 2016ல இருந்து சுத்திக்கிட்டிருக்கற டிஸ்க்கும்மா அது.