எச்ஐவி தடுப்பூசியும் டாக்டர் கிளெண்டா கிரேயும்: கேள்வி பதில்

கேள்வி: கிளெண்டா கிரே குழந்தை மருத்துவராமே. அவருக்கு எச்ஐவி ஆய்வில் என்ன வேலை?

பதில்: குழந்தை மருத்துவர் என்பதால்தான் உள்ளே வந்தார். அவர் வேலை பார்த்தது தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் பரக்வனாத் மருத்துவமனை. தாயிடமிருந்து தொற்று வாங்கிப் பிறந்த குழந்தைகள் வார்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு நெவிராபின் என்ற எச்ஐவி மருந்து ஒரு மாத்திரை, குழந்தைக்கு ஒரு டோஸ் சிரப். தொற்று கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். அதிபர் எம்பெக்கியின் அரசோ அதைச் சில மருத்துவமனைகளோடு நிறுத்திக்கொண்டது. எல்லா இடத்திலும் கொடுங்கள் என்று 2002-ல் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒரு தடுப்பூசி வந்துவிட்டதாமே?

பதில்: அது எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசி. மருந்து, தடுப்பூசி அல்ல. உடம்பில் மருந்து இருக்கும்வரைதான் பாதுகாப்பு, தவணை தவறினால் போச்சு.

கேள்வி: கிரே தலைமையில் நடந்த எச்விடிஎன் 702 சோதனையில் தடுப்பூசி போட்டவர்களில் 129 பேருக்குத் தொற்று, வெற்று ஊசி (மருந்தில்லாதது) போட்டவர்களில் 123. அப்படியானால் தடுப்பூசிதானே நோயைக் கொடுத்தது?

பதில்: சுமார் 5,400 பேரைச் சரிபாதியாகப் பிரித்த சோதனை அது. அதில் ஆறு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரும். ஊசியில் இருந்தது கேனரி அம்மை என்ற பறவை வைரஸில் ஏற்றிய சில எச்ஐவி மரபணுத் துண்டுகள், கூடவே ஒரு புரதம். முழு எச்ஐவி கிடையாது. தாய்லாந்தில் 2009-ல் 31 சதவீதம் பலன் காட்டிய முறையைத் தென்னாப்பிரிக்காவில் பரவும் சி வகை எச்ஐவிக்கு மாற்றிப் பார்த்தார்கள். பலன் இல்லை, 2020 பிப்ரவரியில் நிறுத்தினார்கள்.

கேள்வி (அதே நண்பர்): மழுப்புகிறீர்கள். தடுப்பூசியால் தொற்று கூடியதே இல்லை என்பீர்களா?

பதில்: சொல்ல மாட்டேன். 2007-ல் ‘ஸ்டெப்’ சோதனையில் அடினோவைரஸ்-5 என்ற சளி வைரஸ் வழியாகக் கொடுத்த தடுப்பூசியைப் போட்ட ஆண்களில் ஒரு பிரிவினருக்கு, அதாவது அந்த அடினோவைரஸுக்கு முன்பே எதிர்ப்பாற்றல் இருந்த, சுன்னத் செய்யாதவர்களுக்கு, தொற்று கூடுதலாகத் தெரிந்தது. அப்போதும் ஊசி எச்ஐவியைக் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்த வைரஸ் தொற்ற வழி எளிதாகியிருக்கலாம். அதே தடுப்பூசியைத் தென்னாப்பிரிக்காவில் ‘பம்பிலி’ என்ற பெயரில் சோதித்தவரும் கிரேதான். உடனே நிறுத்தி, யாருக்கு நிஜ ஊசி, யாருக்கு வெற்று ஊசி என்று பங்கேற்றவர்களிடமே சொன்னார்கள். உங்கள் பயத்துக்கு ஆதாரம் தேடினால் 2007-ஐப் பாருங்கள், 702-ஐ அல்ல.

கேள்வி (நர்சிங் மாணவி): சோதனையில் பங்கேற்றவருக்கு டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ வருமா, மேடம்?

பதில்: நல்ல கேள்விம்மா. வரலாம். சாதாரண டெஸ்ட் தேடுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதத்தை. தடுப்பூசியும் அதை உண்டாக்கும். வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைத் தேடும் டெஸ்ட் எடுத்தால் தெளிவாகிவிடும். அதற்குமுன் யாரையும் நோயாளி என்று எழுதிவிடாதே.

கேள்வி: ஆறு மாத ஊசி தடுப்பூசிதானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: இதைப் படித்ததும் கிளம்புங்கள். அரசு மருத்துவமனை ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையம், மூடியிருந்தால் அவசரப் பிரிவு. 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கேள்வி: கிரே இப்போது என்ன செய்கிறார்?

பதில்: ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே முன்னின்று நடத்தும் ‘பிரில்லியன்ட்’ தடுப்பூசித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். அமெரிக்கா ஒதுக்கிய 4.5 கோடி டாலருக்கு மேற்பட்ட நிதி 2025-ல் நின்றுபோனது.

கேள்வி: அந்த ஆறு மாதத் தடுப்பூசி...

பதில்: மருந்துங்க. மருந்து.