உள்ளே காற்று, வெளியே செதில்: முடி பற்றிய வாசகர் கேள்விகள்

சிறுத்தையின் எச்சத்தில் கிடக்கும் முடியை வைத்து அது எதைத் தின்றது என்று சொல்கிறார்களே, எப்படி?

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. சிறுத்தையின் வயிற்றில் செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். அதை அலசிக் காயவைத்து, ஸ்லைடில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, அதன்மேல் படுக்கவைப்போம். பாலிஷ் காய்ந்ததும் முடியை உருவிவிட்டால், மேலுறைச் செதில்களின் அச்சு மட்டும் நிற்கும். கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி இருக்கும். அந்த ஓட்டின் வடிவம் விலங்குக்கு விலங்கு மாறும்.

அப்புறம் உள்ளே இருக்கும் அகணி, அதாவது முடியின் நடுத்தண்டு. முயல் முடியில் காற்றறைகள் மக்காச்சோள மணிகள் போல வரிசை கட்டி நிற்கும். மான் முடியிலோ ஏறக்குறைய முழுக்கத் தேன்கூடுதான். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். வளைத்தால் சட்டென மடிந்துவிடுவதும் அதனால்தான். மனித முடியில் அகணி, விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சிலருக்கு இருக்கவே இருக்காது.

ஒற்றை முடியைக் காட்டிக் கேட்டால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே விலங்கின் முதுகு முடியும் வயிற்று முடியுமே ஒத்துப்போகாது.

கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டேன், குழந்தைச் சட்டை ஆகிவிட்டது. இழுத்துச் சரிசெய்யலாமா?

கொஞ்சம் இழுபடலாம், பழைய அளவு வராது. உங்கள் தலைமுடி ஒன்றை வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள், வழுக்கும். திருப்பி உருவினால் சொரசொரக்கும். ஆட்டு ரோமத்திலும் அதே செதில்கள்தான். வெந்நீர், சோப்பு, உலுக்கல் மூன்றும் சேர்ந்தால் இழைகள் வேர்ப்பக்கமாகவே நகர்ந்து பின்னிக்கொள்ளும். திரும்பி வரச் செதில் விடாது. காஷ்மீரில் தறியே இல்லாமல் ரோமத்தை நனைத்து உருட்டி நம்தா விரிப்பு செய்வது இப்படித்தான். நீங்கள் செய்ததும் ஒரு சிறு நம்தா.

முள்ளம்பன்றி முள்ளை எய்யுமா?

எய்யாது. முள் என்பது தடித்த முடிதான். பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும்போது கழன்று எதிரியின் உடம்பில் தங்கிவிடும்.

பனிக்கரடியின் முடி வெயிலைத் தோலுக்குக் கடத்தும் கண்ணாடி இழை என்று படித்தேன். உண்மையா? (சிங்கப்பூரிலிருந்து)

அழகான கதை, அவ்வளவுதான். 1998-இல் டேனியல் கூன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஓர் அங்குலம் கடப்பதற்குள் கிட்டத்தட்ட எல்லாமே காணாமல் போயிற்று. அந்த முடிக்கு நிறமும் கிடையாது. உள்ளே வெற்றுக் குழல். ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. குழல் என்றால் குடியேறவும் ஆள் வரும். 2004-இல் உங்கள் ஊர் விலங்குக் காட்சிசாலையில் இனுகா என்ற பனிக்கரடியும் அதன் தாய் ஷீபாவும் பச்சையாகிவிட்டன, நினைவிருக்கிறதா? முடிக்குள் பாசி. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்க வேண்டியிருந்தது.