நோட்டு நிறையாத வாரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சந்தோஷமாகத்தான் போய் வருகிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை பையைத் திறந்து பார்த்தால் நோட்டில் இரண்டு மூன்று பக்கம்கூட எழுதியிருக்காது. வாரம் முழுக்க என்னம்மா செய்தீர்கள் என்று கேட்டால் பாட்டுப் பாடினோம், புளியங்கொட்டை எண்ணினோம், முகமூடி போட்டு நரி கதை நடித்தோம் என்கிறாள். என் நாத்தனார் மகன் டவுனில் மெட்ரிக் பள்ளி, அதே இரண்டாம் வகுப்பு. தினமும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விசேஷ வீடுகளில் இரண்டு பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். வரும் ஜூனில் பள்ளியை மாற்றிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். உண்மையில் அந்த வகுப்பில் ஒரு வாரத்தில் என்னதான் நடக்கிறது?

ம., செய்யாறு

அன்புள்ள ம.,

உங்கள் மகள் சொன்ன மூன்றுமே பாடம்தான். அதை வெறுமனே சொன்னால் உங்கள் வீட்டுக்காரருக்குப் போதாது என்று தெரியும், அதனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில், திங்கள் காலை வணக்கக் கூட்டத்திலிருந்து வெள்ளி மாலை மணி அடிக்கும்வரை வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 42-இல் 17 போனால் 35 என்று பலகையில் எழுதியிருந்தான். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டான். பெரியதில் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ சொன்னது மனதில் நின்றுவிட்டது, பாவம், அவன் அதற்கு விசுவாசமாகத்தான் இருந்தான். டீச்சர் தப்பு போடவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார், நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் அவன் கையில் கொடுத்து, பதினேழைத் திருப்பிக் கொடு என்றார். ஒரு கட்டைக் கொடுத்தான். இரண்டு உதிரியையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும், கையில் மூன்று கட்டுதான் இருக்கிறது, அப்படியே நின்றுவிட்டான். டீச்சர் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் பொறுக்க முடியாமல் "கட்டைப் பிரிடா" என்றாள். ரப்பர் பேண்டைக் கழற்றி ஐந்து குச்சியை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதியைப் பார்த்தான்: இரண்டு கட்டு, ஐந்து உதிரி. தானாகவே பலகைக்குப் போய் 35-ஐ அழித்துவிட்டு 25 என்று எழுதினான்.

இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது, நோட்டில் ஏறியது ஒரே ஒரு கணக்கு. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுத்து அதே நேரத்தில் பத்துக் கணக்கு எழுத வைத்திருக்கலாம், பக்கமும் நிறைந்திருக்கும், ஆனால் அந்தக் கடன் எங்கிருந்து வருகிறது, ஏன் பத்தாக வருகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் மகள் எண்ணும் புளியங்கொட்டை இதற்கு முந்தைய படி. எண்ணி எண்ணிப் பத்தைப் பிரித்து வைத்துப் பழகாத பிள்ளைக்கு, கட்டு என்பது என்ன என்று எந்த நோட்டாலும் சொல்ல முடியாது.

அப்புறம் தமிழ். 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கொம்பு முதலில் நிற்கிறது, அடுத்து க, அதற்கடுத்து துணைக்கால். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகும் ஆறு வயதுப் பிள்ளை 'கெ' என்று ஆரம்பித்துவிட்டு, பின்னால் ஒரு கால் நிற்பதைப் பார்த்துத் திகைக்கிறது. நமக்கு இது மறந்தே போய்விட்டது. அந்த வகுப்பில் மூன்று பிள்ளைகளை எழுப்பி ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து வரிசையாக நிற்க வைத்தார்கள். நடுவில் நின்றவள்தான் க. வலது பக்கம் துணைக்கால் மட்டும் வந்தால் அவள் 'கா' என்று கத்த வேண்டும், இடது பக்கம் கொம்பு மட்டும் வந்தால் 'கெ', இருவரும் சேர்ந்து வந்தால் 'கொ'. கொம்புக்காரன் போய் இரட்டைக் கொம்புக்காரன் வந்தால் 'கோ'. கொஞ்ச நேரத்தில் நடுவில் ப-வை நிறுத்தினார்கள், பிறகு ம. பொடி, மொட்டு, போட்டி, மோட்டார் என்று உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் இடம் மாறினார்கள். வெளியில் இருந்து கேட்பவர்களுக்கு ஒரே கூச்சல்தான். உங்கள் மகள் வீட்டுக்கு வந்து "விளையாடினோம்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும்.

நரி கதையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வடமாவட்டங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் வகுப்பில் இருப்பார்கள். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளை, முகமூடி போட்டதும் முழு வாக்கியமாகப் பேசுகிறது. வாயில் வராத வாக்கியம் பிறகு எப்படி நோட்டில் வரும்?

வியாழக்கிழமை கணக்கு சத்துணவிலிருந்தே வந்தது. யாருக்கு முட்டை, முட்டை சாப்பிடாத யாருக்கு வாழைப்பழம் என்று பிள்ளைகளே கேட்டுவந்து, கரும்பலகையில் வகுப்புவாரியாகக் கட்டம் போட்டுக் கோடு கோடாகக் குறித்தார்கள். கோடுகளை எண்ணி, சத்துணவு அமைப்பாளர் சொன்ன எண்ணிக்கையோடு சரிபார்த்தார்கள். எனக்கு அந்த வாரத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான். வெள்ளிக்கிழமை மதிப்பீடு, அதன் பிறகு சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். பிள்ளைகளை வாசிக்கப் பழக்கும் அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மகள் எந்தப் படியில் இருக்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள், சொல்வாள்.

இதெல்லாம் ஏதோ ஒரு டீச்சரின் ஆர்வத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளி அனுபவத்தைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி ஏணிப்படி போல வரிசைப்படுத்தி, பிள்ளை தானே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளை கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையும், வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் அப்போது வந்தவைதான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துத் தெரியாத பிள்ளைகள் கண்ணெதிரே இருந்தார்கள். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, எந்த வகுப்பு என்று பார்க்காமல் என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அரும்பு என்றால் முதல் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. பின்தங்கிய பிள்ளையை அது நிற்கும் இடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போகிற ஏற்பாடு இது, இதன் அருமை நம் பெற்றோர்களுக்கு இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும், அந்த நாளில் ஈர்க்குச்சிக் கட்டுக்கும் நேரம் இல்லை, கதைக்கும் நேரம் இல்லை. வருகைப் பதிவு, மதிப்பீடு என்று செல்போன் செயலியில் ஏற்ற வேண்டியதும் நிறைய. நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்க, டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் கவலைக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் அது இங்கே இருக்கிறது, நோட்டில் இல்லை.

கையெழுத்து விஷயம். எழுதத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏழு வயதில் தினம் நான்கு பக்கம் என்பது பார்த்து எழுதுவதுதான், அதில் கைக்கு வேலை உண்டு, தலைக்கு அவ்வளவு இல்லை. மளிகை லிஸ்டை மகளிடம் சொல்லி எழுத வையுங்கள். துவரம்பருப்பில் ர-வா ற-வா என்று அவளே யோசிக்கட்டும். தப்பாக எழுதினால் உடனே திருத்தாதீர்கள், பாக்கெட்டை எடுத்து அதில் இருக்கிற பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளி மாற்றுவது பற்றி: இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை, படம் போட்ட சின்னக் கதையாக இருக்கட்டும், அவளிடம் கொடுங்கள். தட்டுத் தடுமாறியாவது படித்து, என்ன நடந்தது என்று தன் வார்த்தையில் சொல்கிறாளா? ஐம்பது ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் மீதியைச் சரியாக எண்ணி வாங்குகிறாளா? இரண்டும் முடிகிறது என்றால் மாற்றாதீர்கள், இப்போது கிடைப்பது நல்ல படிப்பு. எழுத்துகளே கூட்ட வரவில்லை என்றால் ஜூன் வரை காத்திருக்காமல் இந்த வாரமே டீச்சரைப் போய்ப் பாருங்கள். நாத்தனார் மகனுக்கும் இதே சோதனைதான் பொருந்தும், ஆனால் தயவுசெய்து விசேஷ வீட்டில் வைத்து வேண்டாம், பிள்ளைகள் இருவருமே பாவம்.

இன்னொன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுவைத்து நீங்களும் வீட்டுக்காரரும் போங்கள். ஆசிரியர் விடுப்பில் போகும் நாட்களில் வகுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள், ஆள் போதவில்லை என்றால் தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். போகும்போது பழைய தினசரி காலண்டர் இருந்தால் எடுத்துப் போய் டீச்சரிடம் கொடுங்கள், எண் அட்டை வெட்டுவதற்கு அவர்களுக்கு அது எப்போதும் தேவைப்படும்.