ஊற்று ஏன் மேட்டில் போய் உட்காருகிறது?

அன்புள்ள ஐயா,

1913–14-இல் நியூகோம்ப் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் குழு அளந்த சினாய்–நெகேவ் (இன்றைய எகிப்து–இஸ்ரேல்) எல்லைப் பகுதி வரைபடத்தில் ஒரு தாள் ஸ்கேனாகக் கிடைத்தது. அளவு 1:1,25,000. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நான்கு மூலைகளைக் கொடுத்து செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தேன். பைபிளில் வரும் காதேஸ் பர்னேயா என்று சிலர் சொல்லும் அய்ன் கதீஸ் ஊற்று வறண்ட மேட்டில் விழுகிறது. எங்கே தப்பு?

பி.

அன்புள்ள பி.,

மூலைகளை நம்பியதுதான் தப்பு. இந்த அளவில் 1 மி.மீ. என்பது தரையில் 125 மீட்டர். 40 செ.மீ. தாள் அரை சதவீதம் சுருங்கினாலே 2 மி.மீ., அதாவது கால் கிலோமீட்டர் போய்விடும். பழைய அட்ச, தீர்க்கக் கோடுகள் செயற்கைக்கோள் படம் பயன்படுத்தும் இன்றைய ஆயத்தொலை முறையான டபிள்யூஜிஎஸ் 84-உடன் பொருந்தாததால் மேலும் விலகும்.

ஊற்றைச் சுற்றி, தாளிலும் செயற்கைக்கோள் படத்திலும் ஒரே இடமென அடையாளம் தெரியும் ஆறேழு புள்ளிகள் எடுங்கள். பாறைக்கு நடுவே இரண்டு வாதிகள் (மழை வந்தால் மட்டும் ஓடும் வறண்ட ஆறுகள்) கூடும் இடம் நல்லது. அகன்ற மணற்படுகையின் வளைவு வேண்டாம், வெள்ளத்தில் மாறிவிடும். எல்லைத் தூண்களும் வேண்டாம்: 1906 எல்லையில் 91-ஆம் தூண் எங்கே நின்றது என்பதே வழக்காகி, 1988-இல் நடுவர் மன்றத்தில்தான் தீர்ந்தது. உருமாற்றத்துக்கு, தாள் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, நீட்டும் பாலினாமியல் 1 போதும். தாளை ரப்பர் போல வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்பிளைன் எல்லாப் புள்ளியிலும் பிழையைப் பூஜ்யமாகக் காட்டும். தவறாக வைத்த புள்ளியும் அதில் ஒளிந்துகொள்ளும்.

தாளிலுள்ள அரபுப் பெயர்களையும் படியுங்கள். அய்ன் என்றால் கண், ஊற்றும்தான். நம் ஊற்றுக்கண் போல. பீர் கிணறு. ஹராபே பாறையில் வெட்டிய மழைநீர்த் தொட்டி. தமீலே என்பது வாதி மணலில் தோண்டும் குழி, நம் ஆறுகளில் ஊற்று தோண்டுவது மாதிரி. அதைப் படத்தில் தேடிப் பயனில்லை.

அய்ன் என்று போட்டால் தண்ணீர் உண்டு என்பதோடு சரி, எவ்வளவு என்று தெரியாது. 1880-களில் ட்ரம்புல் என்ற அமெரிக்கர் அய்ன் கதீஸைச் சோலையாக வர்ணித்தார். 1914-இல் தொல்லியலாளர்கள் வூலியும் லாரன்ஸும் (அரேபியா லாரன்ஸேதான்) போய்ப் பார்த்தபோது அது சின்ன ஊற்று. ஆகவே பெரிய பச்சைத் திட்டைக் கண்டு அதில் புள்ளி குத்திவிடாதீர்கள். அது வடமேற்கே சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கும் அய்ன் குதைராத்தாக இருக்கும். அங்கே குத்தினால் தாள் முழுவதும் இழுபடும்.