இம்போர்ட் கார் வாங்கலாமா? முதலில் அதன் சொந்தபந்தங்களை எண்ணுங்கள்

கோவை பீளமேட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"வயது 34. வீட்டில் இருப்பது ஒரே கார், பழைய டீசல் ஸ்விஃப்ட். அதைக் கொடுத்துவிட்டு நல்ல பிக்கப் உள்ள வண்டி ஒன்று வாங்க ஆசை. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2017 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ, பெங்களூரு பதிவு, 38,000 கி.மீ., 15.5 லட்சம் கேட்கிறார்கள். இன்னொன்று உள்ளூரிலேயே அதே கம்பெனியின் 2022 விர்டஸ் ஜிடி பிளஸ் டிஎஸ்ஜி, 41,000 கி.மீ., 13.75 லட்சம். ஆபீஸ் போகவர தினம் 28 கி.மீ., மாதம் ஒருமுறை வால்பாறையோ ஊட்டியோ போவோம். மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வருவார்கள். இம்போர்ட் கார் வாங்கினால் மாட்டிக்கொள்வாய் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஜிடிஐக்காரர் பத்தாயிரம் டோக்கன் கேட்கிறார். கொடுக்கலாமா சார்?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலைமைக்கு விர்டஸ்தான். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

'இம்போர்ட்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கம்பெனியே கப்பலில் கொண்டுவந்து தன் ஷோரூமில் விற்ற வண்டி ஒரு வகை. தனி ஆள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் வில்லங்கம். சுங்க வரி கட்டிய சலான், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சீட்டு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புகிறவர் குடிபெயர்வுச் சலுகையில் கொண்டுவந்த வண்டியென்றால் இரண்டு வருடம் விற்கவே கூடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று ஒரு சோதனை நடத்தியது நினைவிருக்கும். பூட்டான் வழியாக வந்து, இந்தியாவில் ஏதோ ஓர் ஊரில் பதிவாகி, கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளைத் தேடித்தான் அந்தச் சோதனை. கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியவர் வீட்டு வாசலில்தான் அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

உங்கள் ஜிடிஐ முதல் வகை. 2016 நவம்பரில் ஃபோக்ஸ்வாகனே 99 வண்டி என்று கணக்குச் சொல்லி இறக்கியது. ஷோரூம் விலை 25.99 லட்சம். அந்த விலைக்கு ஒரு போலோவா என்று ஆட்கள் தயங்க, பிறகு 19.99 லட்சத்துக்குக் குறைத்தார்கள். டீலர் பில், ஆர்.சி. எல்லாம் சாதாரண கார் மாதிரியேதான் இருக்கும். ஆகவே கஸ்டம்ஸ் பயத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒரு பழைய வேகக் காரை வாங்கும்போது அது எந்த நாட்டில் செய்தது என்பதைவிட, அதன் சொந்தபந்தங்கள் எத்தனை நம் ரோட்டில் ஓடுகின்றன என்பதைத்தான் நான் பார்ப்பேன். அதாவது, அதே பாகங்களைப் போட்டுக்கொண்டு ஓடும் வேறு வண்டிகள்.

ஜிடிஐயின் பானெட்டைத் திறங்கள். உள்ளே 1.8 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் எஞ்சின்), 192 குதிரைத் திறன். இதே குடும்பத்து எஞ்சின்தான் இங்கே விற்ற ஸ்கோடா ஆக்டேவியா 1.8இல் இருக்கிறது. டிஎஸ்ஜி எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஏழு கியர் பெட்டியும் புதிதல்ல. டிக்யூ200 என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த உலர் கிளட்ச் பெட்டி பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயிலும் உண்டு, நீங்கள் பார்த்த விர்டஸிலும் உண்டு. ஆக, எஞ்சினுக்கும் கியருக்கும் கை வைக்க கோவையிலேயே ஆள் கிடைப்பார். பார்ட்ஸும் வந்துவிடும்.

இப்போது பானெட்டை மூடிவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இது மூன்று கதவு போலோ. இந்தியாவில் விற்ற மற்ற போலோ எல்லாம் ஐந்து கதவு. நீளமான அந்தக் கதவு, பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி, பக்கவாட்டுத் தகடு, முன் பம்பர் இவற்றுக்கெல்லாம் இங்கே ஒரு சொந்தமும் கிடையாது. மொத்தக் குடும்பமே அந்த 99 பேர்தான். அதில் ஒருவர் இடித்துக்கொண்டால்தான் இன்னொருவருக்குக் கதவு கிடைக்கும்.

எங்கள் ஷெட்டில் ஒருமுறை இப்படி ஒரு மூன்று கதவு இம்போர்ட் ஹாட்ச்பேக் பதினோரு வாரம் நின்றது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன்கள் பின்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கண்ணாடி இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாயை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தோம். ஓனர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, பேட்டரி இறங்காமல் இருக்கப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டுப் போவார். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது எனக்கே பாவமாக இருக்கும்.

உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் இந்தக் கவலை இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018இல் ஜேடிபி டியாகோ கொண்டுவந்தார்களே, 114 குதிரைத் திறனோடு, ஏழு லட்சத்துக்குள். அருமையான முயற்சி. பிஎஸ்6 புகை விதி வந்ததோடு நின்றுபோயிற்று. இன்றைக்கு ஒரு ஜேடிபி வாங்கினால் கதவும் கண்ணாடியும் எந்த டியாகோவிலிருந்தும் எடுத்துப் போடலாம். ஆனால் அதற்கென்று செய்த பம்பருக்கும் ஸ்பிரிங்குக்கும் அலைய வேண்டும். கோவையில் பிறந்தும் அந்த வண்டி பாதி இம்போர்ட் மாதிரிதான்.

மறுபக்கம், 2017இல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 230 இருக்கிறது. பாகங்களாக வந்து அவுரங்காபாத்தில் அசெம்பிள் செய்த வண்டி. 230 குதிரைத் திறன், ஈர கிளட்ச் டிஎஸ்ஜி. மொத்தம் 500தான் விற்றது. ஆனாலும் கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் சாதாரண ஆக்டேவியாவுடையதே. 2020இல் 200 மட்டும் முழுதாக இறக்குமதியான ஆர்எஸ் 245உம் அப்படித்தான். அது இம்போர்ட், ஆனால் அநாதை இல்லை. நல்ல ஆர்எஸ் 230 உங்கள் பட்ஜெட்டுக்குள் கிடைத்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், நானே வந்து பார்க்கிறேன். கிடைப்பது கஷ்டம் என்பதால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

பார்ட்ஸ் தாமதமாவதைவிட நான் அதிகம் பயப்படுவது இன்சூரன்ஸ் கணக்குக்கு. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, எவ்வளவு என்பதை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். நீங்கள் 15.5 லட்சம் கொடுப்பது அந்த வண்டியின் அபூர்வத்துக்கு. இன்சூரன்ஸ்காரருக்கு அது வயதான ஒரு போலோ. ஏழோ எட்டோ லட்சம் போடுகிறேன் என்பார். சரி, எட்டு என்றே வைத்துக்கொள்வோம். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார்கள். அதாவது ஆறு லட்சம். ஒரு பக்கம் கதவோடு பக்கத் தகடும் போய், ஏர்பேக்கும் வெடித்து, எல்லாவற்றையும் வெளியிலிருந்து வரவழைத்தால் ஆறு லட்சம் பெரிய தொகையே இல்லை. வண்டியும் போய், கையில் எட்டு லட்சம் மட்டும் வந்து, ஏழரை லட்சம் காற்றோடு போய்விடும். தேய்மானம் கழிக்காமல் பாகங்களுக்குப் பணம் தரும் பம்பர் டு பம்பர் பாலிசியும் இந்த வயது வண்டிக்குப் பல கம்பெனிகள் தருவதில்லை. ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பே இரண்டு மூன்று கம்பெனிகளிடம் ஐடிவி எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கர்நாடகப் பதிவு என்பதால் இன்னொரு செலவும் இருக்கிறது. அங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு நம்பர் போட்டு, இங்கே மறுபடி லைஃப் டேக்ஸ் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து புது காருக்கு 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும். இங்கே ஒரு வேடிக்கை: முதல் ஓனர் 25.99க்கு வாங்கினாரா, விலை குறைந்தபின் 19.99க்கு வாங்கினாரா என்பதைப் பொறுத்து ஸ்லாபே மாறிவிடலாம். ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள். அதன் நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்த் தொகையைத் தெரிந்துகொண்டு, அதையும் 15.5 லட்சத்தோடு கூட்டுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்ச வருடங்களுக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். கைக்கு வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, வேகம்? ஜிடிஐ 100 கி.மீ. வேகத்தைத் தொட கம்பெனிக் கணக்குப்படி 7.2 நொடி. 150 குதிரைத் திறன் உள்ள விர்டஸ் ஒன்பது நொடியை ஒட்டி வரும். வித்தியாசம் முதுகில் தெரியும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும் இடத்தில் இரண்டுக்கும் டார்க் (இழுக்கும் விசை) ஒரே 250 நியூட்டன் மீட்டர்தான். முன்னால் ஒரு அரசுப் பேருந்து போனால் அந்த இரண்டு நொடியும் அதன் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். அப்புறம் மகளை நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது, ஒரு கையில் ஸ்கூல் பை, முன்சீட்டை மடித்துத் தள்ளி, குனிந்து, குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்ட வேண்டும். அதுவும் தினம் இரண்டு வேளை. உங்கள் மனைவியை ஒருமுறை அந்த வண்டியில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதியது எதுவுமே தேவைப்படாமல் போகலாம்.

விர்டஸுக்குச் சொந்தபந்தம் நிறைய. அதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாத வண்டியாகப் பாருங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால் திரும்பி வந்து, வேறொரு நாள் சொல்லாமல் போங்கள். டிஎஸ்ஜிதான் இதில் பெரிய செலவு வைக்கும் இடம். மால் பேஸ்மென்ட் மாதிரி ஒரு சரிவில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பிரேக்கை மட்டும் விட்டு ஊர விடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உதறினாலோ, ரிவர்ஸ் விழ யோசித்தாலோ கிளட்சுக்கோ, கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டுக்கோ வேலை வரப்போகிறது. நான்கு டயரின் பக்கச் சுவரிலும் நாலிலக்க எண் ஒன்று இருக்கும். 1822 என்றால் 2022ஆம் வருடம் 18ஆம் வாரத் தயாரிப்பு. 41,000 கி.மீ. ஓடிய வண்டியில் நான்கும் புத்தம் புது டயர் என்றால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான பதிலும் இருக்கலாம்.

இரண்டில் எதை வாங்கினாலும் ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கென்றே ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பழைய பிழைக் குறிப்புகளோடு அந்த நேரத்துக் கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். டேஷ்போர்டு 38,000 என்று காட்டும்போது உள்ளே 61,000இல் ஒரு குறிப்பு கிடந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரீமேப் செய்து, அதாவது வேகம் கூட எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி, ஓட்டிவிட்டு, விற்கும் முன் பழைய சாஃப்ட்வேரை ஏற்றி வைப்பதும் இந்த வண்டிகளில் சகஜம். எஞ்சின் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை எழுதியிருக்கிறது என்ற எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜிடிஐயில் கூடுதலாக, தண்ணீர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே வெளிறிய கறை இருந்தால் கூலன்ட் கசிந்து காய்ந்த தடம் அது. இந்த எஞ்சினுக்கு அது பழகிய நோய். சரிசெய்யலாம், விலையைக் குறைக்கவும் உதவும்.

வீட்டில் இரண்டாவது கார் இருந்து, மூடிய பார்க்கிங் இருந்து, செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் வருடம் இரண்டு நாள் ஓட்டிவிட்டு வருவேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் ஜிடிஐயை வாங்கச் சொல்லியிருப்பேன். இந்தியாவில் 99 பேருக்குத்தான் வாய்த்தது, அதுவும் ஓட்டினால் முகத்தில் சிரிப்பு நிற்காத வண்டி. ஸ்விஃப்ட்டைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள வழியிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் யோசியுங்கள். அப்போதும் வரிக்கும் ஐடிவி ஓட்டைக்கும் சேர்த்து விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

டோக்கன் விஷயம். ஸ்கேன் பார்க்காமல், அசல் ஆர்.சி. கையில் வாங்கிப் பார்க்காமல் பத்து பைசா கொடுக்காதீர்கள். பார்த்தபின் கொடுப்பதென்றால் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவரின் பேங்க் கணக்குக்கே அனுப்புங்கள், புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். "என்.ஓ.சி. கிடைக்காவிட்டாலோ கடன் பாக்கி தெரியவந்தாலோ முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால், விர்டஸ்காரர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்.