அந்த ரொட்டித் துண்டை எடுத்துப் போட்டுவிடாதீர்கள் தம்பி

தம்பி, அடிலெய்டில் முதியோர் இல்ல வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அங்கே ஒரு தாத்தா தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைக்கிறார், குளியலறைக் கதவைச் சாத்தினால் கத்துகிறார், நவம்பர் 16 பிரதமர் தன்னிடம் மன்னிப்புக் கேட்ட நாள் என்கிறார், மறதி நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மன்னிப்பு நிஜம் தம்பி, அதை மறதி நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2009 நவம்பர் 16 அன்று கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில், சிறு வயதில் விடுதிகளில் வளர்ந்தவர்களை வரவழைத்து, அவர்கள் முன்னால் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். போன நூற்றாண்டில் சுமார் 5 லட்சம் குழந்தைகள் அரசு, தேவாலய விடுதிகளிலும் வளர்ப்பு வீடுகளிலும் இருந்திருக்கிறார்கள். அனாதை இல்லம் என்று பெயர்தான், நிறையப் பேருக்கு அம்மா அப்பா இருந்தார்கள். வறுமை, நோய், கல்யாணம் ஆகாத தாய், இப்படி ஏதோ ஒன்று. பிரிட்டனிலிருந்தும் மால்டாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்த பிள்ளைகள் வேறு, அவர்களில் சிலரிடம் பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அடி, பசி, வேலை, பாலியல் கொடுமை. வெளியே சொன்னால் யாரும் நம்பவில்லை, அதனால்தான் அந்த மன்னிப்பு அவர்களுக்கு அவ்வளவு பெரிது. (2008 பிப்ரவரியில் கேட்டது பெற்றவர்களிடமிருந்து பிடுங்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளுக்காக, அது வேறு. நானும் வந்த புதிதில் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.)

அப்போது நான் மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தேன். எல்லார் துணியிலும் பெயரும் அறை எண்ணும் போட்ட பட்டை ஒட்டித்தான் சலவைக்கு அனுப்புவோம். ஒரு பாட்டி மட்டும் நகம் வெட்டும் கத்தரியால் அதை நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிடுவார், நாங்களும் சலித்துக்கொண்டு திரும்ப ஒட்டுவோம். அன்று டிவியில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், சட்டைக் காலரைப் பின்னால் தொட்டுக் காட்டி, 37 என்றார். விடுதியில் அவர் பெயரே அதுதானாம். அதற்கப்புறம் அவர் துணியில் பெயரை மட்டும் ஒட்டினோம், எண் இல்லாமல். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. அத்தனை மாதம் அவரோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. ரொட்டியைப் பிடுங்காதீர்கள், ஒரு மூடி போட்ட டப்பா கொடுங்கள், பழையதை அவர் கண்ணெதிரே எடுத்துவிட்டுப் புதிதை வையுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்து ஒரு திரை போடுங்கள், தொடும் முன் கேளுங்கள். நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'ஹோம்' என்ற வார்த்தை அவர் காதில் அந்த விடுதியாகத்தான் விழும், அதைத் தவிர்த்துவிடுங்கள். கதையைத் தோண்டாதீர்கள், அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். இதையெல்லாம் அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொல்லி நர்ஸிடம் வற்புறுத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்தவர் கதவைச் சாத்திவிடுவார்.

பழைய விடுதிப் பதிவுகளைத் தேட அவருக்கு விருப்பம் இருந்தால் 'ஃபைண்ட் அண்ட் கனெக்ட்' சேவை இலவசமாக உதவும். 2018இல் தொடங்கிய தேசிய இழப்பீட்டுத் திட்டம் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்குத்தான். பட்டினி கிடந்து அடி மட்டும் வாங்கியவர்களுக்கு அதில் இடமில்லை, அது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

நவம்பர் 16 அன்று உங்களுக்கு வேலை இல்லை என்றால் யாரிடமாவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போங்கள் தம்பி. காலை டீயை அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள்.