யாழ்ப்பாணப் பொதுப் பட்டத்துடன் இங்கிலாந்தில் இடைநிலைப் பாடசாலை ஆசிரியராவது: பாடத் தகைமை பற்றி ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட வகையில் முதலில் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் பாடங்களாகக் கொண்டு மூன்றாண்டுப் பொதுப் பட்டம் பெற்றிருக்கிறீர்கள். பிறகு தனியார் கல்வி நிலையமொன்றில் பல்கலைக்கழக அனுமதிக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பித்திருக்கிறீர்கள். திருமணமாகி, வாழ்க்கைத்துணை விசாவில் லண்டனுக்கு வந்து ஓராண்டு ஆகிறது. இங்கே கணித ஆசிரியராக விரும்புகிறீர்கள். ஆனால் பட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கணிதம் என்பதால் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள் என்றும், மறுபடியும் ஒரு பட்டம் படிக்கவேண்டும் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே இடைநிலைப் பாடசாலையொன்றில் நீண்ட காலமாகப் பௌதிகவியல் கற்பிப்பவள் என்ற முறையிலும், பயிற்சிக்கு வருகின்றவர்களை வழிநடத்துகின்றவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மறுபடியும் பட்டம் படிக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சிக்கான அரச விதிகள் கேட்பவை மிகச் சில: பிரித்தானிய இளமாணிப் பட்டத்துக்கு ஈடான ஒரு பட்டம், ஆங்கிலத்திலும் கணிதத்திலும், இங்கே பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் 4ஆம் தரம், அதாவது பழைய முறையில் சி, அல்லது அதற்கு ஈடான சித்தி. இவற்றோடு உடல்நலம், குற்றப் பதிவுச் சோதனை போன்ற பொதுவான நிபந்தனைகள். விஞ்ஞானத்தில் 4ஆம் தரம் ஆரம்பப் பாடசாலைப் பயிற்சிக்குத்தான் கட்டாயம். எந்தப் பாடத்தைக் கற்பிக்க எந்தப் பட்டம் வேண்டும் என்று அந்த விதிகள் வரையறுப்பதில்லை. பயிற்சியின் முடிவில் கிடைக்கும் கியூ.ரி.எஸ். என்னும் தகைமை பெற்ற ஆசிரியர் நிலைகூட ஒரு பாடத்துக்கென்று வழங்கப்படுவதில்லை. கணிதத்தில் பயிற்சி பெற்றவரை ஒரு பாடசாலை பௌதிகவியல் கற்பிக்கச் சொன்னாலும் சட்டம் தடுக்காது.

அப்படியானால் பாடத் தகைமையை யார் பார்க்கிறார்கள்? பயிற்சி நிலையம் பார்க்கிறது. பல்கலைக்கழகமாக இருந்தாலும், பாடசாலைகள் சேர்ந்து நடத்தும் நிலையமாக இருந்தாலும், உங்களுக்குப் பாட அறிவு போதுமா என்று தீர்மானிப்பவர்கள் அவர்களே. அவர்களில் பலர் தங்கள் விளம்பரத்தில் பட்டத்தின் அரைவாசியாவது அந்தப் பாடமாக இருக்கவேண்டும் என்று எழுதுகிறார்கள். உங்கள் உறவினர்கள் கேள்விப்பட்டது இதைத்தான். அது அந்த நிலையங்கள் தாமாக வைத்துக்கொண்ட அளவுகோல். ஒரு நிலையம் அரைவாசி கேட்கும் இடத்தில் இன்னொரு நிலையம் உயர்தரப் பெறுபேற்றையும் நேர்முகத்தில் நீங்கள் காட்டும் அறிவையும் சேர்த்துப் பார்க்கும். ஸ்கொட்லாந்து இதற்கு மாறானது. அங்கே கற்பிக்க விரும்பும் பாடத்தில் 80 கடன் புள்ளிகள் (படித்த அளவைக் காட்டும் ‘கிரெடிட்’), அவற்றில் 40 அந்நாட்டுத் தகைமைச் சட்டகத்தின் எட்டாம் நிலையில், அதாவது பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டளவில், அல்லது அதற்கு மேல் என்று எண்ணிக் கணக்கிடுகிறார்கள். ஆகவே கிளாஸ்கோவில் இருக்கும் ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், அதை லண்டனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இனிமேல்தான் வருகிறது. நீங்கள் கணிதத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க நினைக்கிறீர்கள். பௌதிகவியலை, அல்லது கணிதத்தோடு சேர்ந்த பௌதிகவியலைத் தெரிவு செய்யுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பல நிலையங்களில் ‘பிசிக்ஸ் வித் மத்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு பி.ஜி.சி.ஈ., அதாவது பட்டதாரிகளுக்கான ஆசிரியப் பயிற்சிப் பாடநெறி இருக்கிறது. உங்கள் பட்டத்தை அந்தப் பாடநெறியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கணிதமும் பௌதிகவியலும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு. அரைவாசி என்ற அளவுகோலை வைத்திருக்கும் நிலையத்துக்கும் அது தாராளமாகப் போதும். மீதியாக உள்ள இரசாயனவியலும் வீணாகாது. ஏனெனில் இங்கே ஏழாம் ஆண்டு முதல் ஒன்பதாம் ஆண்டு வரை பெரும்பாலான பாடசாலைகளில் ஒரே ஆசிரியரே உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் விஞ்ஞானம் என்ற ஒரே பாடமாகக் கற்பிக்கிறார். அதற்குப் பிறகும் பெரும்பான்மையான பிள்ளைகள் மூன்றும் இணைந்த, இரண்டு ஜி.சி.எஸ்.ஈ.க்குச் சமமான விஞ்ஞானப் பரீட்சையையே எழுதுகிறார்கள். பௌதிகவியலில் மட்டும் ஆழமான சிறப்புப் பட்டம் பெற்றவர்கள் இரசாயனச் சமன்பாடுகளை மீண்டும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்போது, பொதுப் பட்டதாரிகள் தயங்காமல் வகுப்புக்குள் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஊரில் பொதுப் பட்டத்தை இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

பௌதிகவியலைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பணம். வாழ்க்கைத்துணை விசாவில் இருப்பவர்களுக்கு நிரந்தர வதிவுரிமை கிடைக்கும்வரை பொதுவாகச் சர்வதேச மாணவர் கட்டணமே அறவிடப்படும். அரச மாணவர் கடனும் கிடைக்காது. இங்கிலாந்தில் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு நெடுங்காலமாகத் தட்டுப்பாடு இருப்பதால், 2025-26 கல்வியாண்டில் அந்தப் பாடத்துக்கான பயிற்சி உதவித்தொகை 29,000 பவுணாக இருந்தது. கணிதத்துக்கும் அதே தொகைதான். ஆனால் பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவோ இல்லாதவர்களுக்கும் அந்த உதவியைத் திறந்துவிட்ட பாடங்களின் பட்டியல் மிகச் சிறியது. அண்மை ஆண்டுகளில் அதில் பௌதிகவியலும் சில மொழிகளும் இருந்தன, கணிதம் இருக்கவில்லை. தொகையும் தகுதியும் ஒவ்வோர் ஆண்டும் மாற்றப்படுகின்றன. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய அறிவித்தலைக் கல்வித் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே வாசித்து, பயிற்சி நிலையத்திடமும் எழுத்தில் உறுதிசெய்த பின்னரே குடும்பத்தோடு கணக்குப் பாருங்கள். பாடசாலையே சம்பளம் தந்து பயிற்றும் வழியும் உண்டு. உங்கள் விசாவில் வேலை செய்யும் உரிமை இருப்பதால் அதையும் கேட்கலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, ஆனால் கட்டணச் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில் விழாது.

கணிதத்தை விட்டுவிடும்படி நான் சொல்வதாக எண்ணவேண்டாம். நீங்கள் அதை நேசித்துக் கற்பித்திருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. பௌதிகவியலோடு சேர்த்துப் பயிற்சி பெற்ற ஒருவருக்குக் கணித வகுப்புகளும் தருவதற்குப் பாடசாலைகள் ஆவலாக இருக்கின்றன.

இனி, பாட அறிவில் இடைவெளி இருப்பதாக நிலையம் கருதினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். எஸ்.கே.ஈ. எனப்படும் பாட அறிவு மேம்பாட்டுப் பாடநெறிகள் இருக்கின்றன. எட்டு வாரம் தொடக்கம் இருபத்தெட்டு வாரம் வரை அமைந்த இவை பெரும்பாலும் இணையவழி நடக்கின்றன. கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், கணினி, மொழிகள் போன்ற தட்டுப்பாடான பாடங்களுக்கு அரசு நிதி கொடுத்து வந்திருக்கிறது. அந்த நிதியோடு படிக்க நீங்களாகப் போய்ப் பதிவு செய்ய முடியாது. முதலில் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குப் போய், நிபந்தனையுடன் கூடிய இடத்தைப் பெறவேண்டும்; அந்த நிபந்தனையாகத்தான் இந்தப் பாடநெறியை விதிப்பார்கள். எங்கள் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, முதலில் பாடநெறியை முடித்துவிட்டு விண்ணப்பிப்போம் என்று காத்திருந்து ஒரு வருடத்தை இழந்துவிடுகிறார்கள். அந்த நிபந்தனையை அவமதிப்பாக எடுக்கவும் கூடாது. இந்த நாட்டிலேயே படித்த பட்டதாரிகளுக்கும் அது விதிக்கப்படுகிறது.

உங்கள் ஆவணங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தகுதி இருந்தும் நம்மவர்கள் பின்தங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஈனிக் என்ற தேசிய நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தி உங்கள் பட்டத்துக்கு ஒப்பீட்டுச் சான்று பெறவேண்டும். அந்தச் சான்று, உங்கள் பட்டம் பிரித்தானிய முறையில் எந்த நிலைக்கு ஒப்பானது என்று மட்டுமே சொல்லும். உள்ளே எவ்வளவு பௌதிகவியல் இருக்கிறது, எவ்வளவு கணிதம் இருக்கிறது என்று சொல்லாது. அதை எடுத்துக்காட்டும் பொறுப்பு உங்களுடையது. பல்கலைக்கழகத்திலிருந்து பாட அலகுகளும் அவற்றின் புள்ளிகளும் குறிப்பிடப்பட்ட முழுப் பெறுபேற்றுப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். முதலாம், இரண்டாம் வகுப்பு என வகுப்புச் சித்தி பெற்றிருந்தால் அது அதில் தெளிவாக இருக்கவேண்டும், ஏனெனில் உதவித்தொகை பட்டத்தின் தரத்தையும் பார்க்கிறது. முடிந்தால் பீடத்தின் பாடத்திட்டக் கையேட்டையும் எடுத்து, இங்குள்ள ஜி.சி.எஸ்.ஈ., ஏ லெவல் பாடத்திட்டங்களின் தலைப்புகளுக்கு எதிரே நீங்கள் படித்த அலகுகளை எழுதி ஒரு பக்க அட்டவணை தயாரியுங்கள். பொறியியல் (விசையும் இயக்கமும்), வெப்பவியல், மின்னியல், அலைகள், அணுக்கருப் பௌதிகவியல் என்று வரிசையாக நிரம்பும்போது, அனுமதி அலுவலர் தனக்குப் பழக்கமில்லாத பட்டத்தைப் பற்றி ஊகிக்க வேண்டிய அவசியம் இராது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆவணங்கள் வந்துசேரக் காலம் எடுக்கும். இன்றைக்கே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு ஏற்கப்படுமா என்றும் கேட்டீர்கள். கணிதத்தில் நல்ல சித்தி இருந்தால் அதைப் பல நிலையங்கள் ஏற்கின்றன. ஆங்கிலம்தான் சிக்கல். நமது சாதாரண தர ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாக இருப்பதால், ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்துக்கு ஈடாக அதை ஏற்கப் பல நிலையங்கள் மறுக்கின்றன. பட்டத்தை ஆங்கிலத்தில் படித்தேன் என்ற விளக்கமும் எல்லா இடத்திலும் எடுபடாது. இரண்டு வழிகள் உண்டு. தனியார் பரீட்சார்த்தியாக ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்தை எழுதலாம்; கோடைகாலத்தில் மட்டுமன்றி நவம்பரிலும் ஆங்கிலமும் கணிதமும் நடத்தப்படுகின்றன. அல்லது பயிற்சி நிலையங்கள் ஏற்கும் ஈடுநிலைச் சோதனை ஒன்றை எழுதலாம். அது விரைவானது, ஆனால் எல்லா நிலையங்களும் எல்லாச் சோதனைகளையும் ஏற்பதில்லை. என்னைக் கேட்டால் ஜி.சி.எஸ்.ஈ.யையே எழுதச் சொல்வேன். அதை எந்த நிலையமும் மறுக்காது. நாளைக்கு உங்கள் மாணவர்கள் எழுதப்போகும் பரீட்சை எப்படி இருக்கும் என்பதும் உங்களுக்கு உள்ளிருந்தே தெரிந்துவிடும்.

நேர்முகத்தில் பட்டத்தைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். ஒரு சிறிய பாடப் பகுதியைக் கற்பித்துக் காட்டச் சொல்வார்கள். பாட அறிவைச் சோதிக்கச் சில கேள்விகள் தருவார்கள். உயர்தரத்தில் நாம் மின்தடையை அளக்கும் மீற்றர்ப் பாலத்தோடும் நீண்ட கணக்குகளோடும் பழகியவர்கள்; கணக்கீட்டில் நமக்குக் குறைவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மின்னோட்டமும் மின்னழுத்த வேறுபாடும் ஏன் வெவ்வேறு என்று சூத்திரமின்றி விளக்குவதுதான் கடினம், அதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஊரில் தனியார் கல்வி நிலையத்தில் நூறு பேருக்கு முன் கரும்பலகையை நிரப்பி எழுதிய அனுபவத்தைத் தாராளமாகக் குறிப்பிடுங்கள். ஆனால் அது இங்குள்ள வகுப்பறையைப் போன்றதல்ல என்பதை நீங்கள் உணர்ந்திருப்பதும் அவர்களுக்குத் தெரியவேண்டும். அதற்காக, விண்ணப்பிக்கும் முன் அருகிலுள்ள அரச பாடசாலையொன்றில் சில நாட்கள் வகுப்புகளைப் பார்வையிடக் கேளுங்கள். கல்வித் திணைக்களமே இதற்கென ஒரு பதிவுச் சேவையை நடத்துகிறது. பாடத்தைப் புதுப்பித்துக்கொள்ள, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஐசாக் தளத்தின் பயிற்சிக் கணக்குகளும், இன்ஸ்ரிடியூட் ஒவ் பிசிக்ஸ் ஆசிரியர்களுக்காக வெளியிடும் விளக்கங்களும் மிக நல்லவை. அந்த நிறுவனம் பயிற்சி பெறுவோருக்குப் புலமைப்பரிசிலும் கொடுத்து வருகிறது.

இந்தியாவில் ஆசிரியப் பயிற்சி முடித்த உங்கள் தோழி, மறுபடியும் பயிற்சி தேவையில்லாமல் கியூ.ரி.எஸ். பெற்றதாக எழுதியிருந்தீர்கள். அது சரிதான். 2023 பெப்ரவரி முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் பயிற்சி பெற்று அனுபவமும் உள்ள கணித, விஞ்ஞான, மொழி ஆசிரியர்கள் நேரடியாக விண்ணப்பிக்க வழி திறக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இலங்கை சேர்க்கப்படவில்லை. உங்களுக்கு ஆசிரியப் பயிற்சிச் சான்றும் இல்லை. ஆகவே அவருடைய வழியை உங்கள் வழியோடு ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டாம்.

விண்ணப்பச் சேவை ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபரில் திறக்கிறது. ஒரே நேரத்தில் நான்கு நிலையங்கள் வரை தெரிவு செய்யலாம். இடங்கள் நிரம்பியதும் மூடிவிடுவதால் தொடக்கத்திலேயே அனுப்பவேண்டும். அதற்கு முன் நீங்கள் விரும்பும் நிலையங்களுக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் எழுதி, மூன்று பாடங்களையும் அவற்றின் பங்கையும் குறிப்பிட்டு, கணிதத்தோடு சேர்ந்த பௌதிகவியல் பயிற்சிக்கு இது போதுமா, எஸ்.கே.ஈ. நிபந்தனை வருமா, உங்கள் விசாவில் எந்தக் கட்டணம், எந்த ஆங்கிலத் தகைமையை ஏற்பார்கள் என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். வரும் பதில்களை எனக்கும் அனுப்புங்கள். எந்த நிலையங்களைத் தெரிவு செய்யலாம் என்று இருவருமாக இருந்து பார்ப்போம்.